கடித்தவனை வாங்கலாமா? சுவாரஸ் – பார்சிலோனா 2014, அதை ஒட்டி ஒரு விவாதம்

#1 தெற்கு ஸ்டாண்ட்

டிரான்ஸ்ஃபர் காலம் வந்தாலே இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடுகிறது. அபாரமாக ஆடுகிற ஒருவர் விலைக்கு வருவார். அவரோடு பழைய தடை, அபராதம், வழக்கு எல்லாம் சேர்ந்து வரும். "கோல் அடிக்கிறானா, போதும்" என்று பாதிப் பேர், "நம் ஜெர்சியை இவன் தொடவே கூடாது" என்று பாதிப் பேர். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இது எங்கும் போய்ச் சேராது. அதனால் விளைவு முழுவதும் தெரிந்துவிட்ட ஒரு கேஸை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. 2014 ஜூலையில் பார்சிலோனா, உருகுவேயின் லூயிஸ் சுவாரஸை லிவர்பூலிடமிருந்து வாங்கியது.

மறந்தவர்களுக்காக: 2014 ஜூன் 24, பிரேசிலின் நட்டால் நகரம், உலகக் கோப்பையில் இத்தாலி – உருகுவே. 79ஆவது நிமிடம். பந்து வேறெங்கோ இருக்கிறது. சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியைத் தோளில் கடிக்கிறார். கியெல்லினி ஜெர்சியை இழுத்துவிட்டுப் பல் தடத்தை நடுவரிடம் காட்டிக்கொண்டே ஓடுகிறார். நடுவர் பார்க்கவில்லை, கார்டும் இல்லை. இரண்டு நிமிடத்தில் உருகுவேயின் கோடினின் தலை கோல் போடுகிறது, இத்தாலி வெளியே. ஃபிஃபா கொடுத்த தண்டனை: 9 சர்வதேச ஆட்டங்கள் தடை, நான்கு மாதம் கால்பந்து தொடர்பான எதிலும் கலந்துகொள்ளக் கூடாது, ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம்.

இது முதல் தடவையாக இருந்தால் பேச்சே வேறு. 2010 நவம்பரில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கேப்டனாக இருந்தபோது கடிபட்டவர் பி.எஸ்.வி.யின் பக்கால். 2013 ஏப்ரலில் செல்சியின் இவானோவிச். நடுவில் 2011இல் எவ்ரா விவகாரம், மான்செஸ்டர் யுனைட்டட்டின் அந்தக் கறுப்பின வீரரை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதற்காக 8 ஆட்டத் தடை. இத்தனையும் தெரிந்துதான், கியெல்லினியைக் கடித்த பதினேழாவது நாள் பார்சிலோனா வாங்குவதாக அறிவித்தது. அன்று சொல்லப்பட்ட விலை ஏறக்குறைய 6.5 கோடி பவுண்டு.

என் கேள்வி இதுதான். அந்த ஜூலையில் நீங்கள் நிர்வாகக் குழுவில் இருந்திருந்தால், அன்று தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட்டிருப்பீர்களா? பின்னால் வந்த கோப்பைகளைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டாம்.

#2 புளாகிரானா

போட்டிருப்பேன். இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

அன்றைய நிலைமையைப் பாருங்கள். 2013-14இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கைவிட்டுப் போயின. புயோல் ஓய்வு பெற்றார், வால்தேஸ் போய்விட்டார், ஃபாப்ரிகாஸையும் அலெக்ஸிஸையும் விற்றாயிற்று. அதோடு வயது குறைந்த வெளிநாட்டுச் சிறுவர்களைப் பதிவு செய்த விவகாரத்தில் ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் தடை தலைக்கு மேலே தொங்கியது. மேல்முறையீட்டால் அது தற்காலிகமாக நின்றிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கோடையில் வாங்காவிட்டால் அப்புறம் ஒரு வருடம் யாரையும் சேர்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியேதான் ஆனது, 2015 முழுக்கப் புதிதாக ஒருவரும் களம் இறங்க முடியவில்லை.

அந்த நேரத்தில் உலகின் சிறந்த 9ஆம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கர், யார்? பிரீமியர் லீக்கில் 33 ஆட்டத்தில் 31 கோல், அதில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. அதுவும் முதல் ஐந்து ஆட்டம் தடையில் உட்கார்ந்துவிட்டு வந்து அடித்தது. பிரீமியர் லீக் வீரர்களே ஓட்டுப் போட்டு அந்த வருடத்தின் சிறந்த வீரர் என்றார்கள்.

அவர் செய்தது அசிங்கம், மறுக்கவில்லை. ஆனால் தண்டனை கொடுக்க ஒரு அமைப்பு இருக்கிறது, அது கொடுத்தது. முதலில் பயிற்சிக்குக்கூட வரக்கூடாது என்றிருந்தது. ஆகஸ்டில் விளையாட்டு நடுவர் மன்றம்தான் பயிற்சிக்கும் நட்பு ஆட்டங்களுக்கும் மட்டும் அனுமதித்தது. அக்டோபர் 25 வரை காத்திருந்து, முதல் ஆட்டமே பெர்னபேயுவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக. தண்டனையை அனுபவித்த ஒருவரை மறுபடி தண்டிக்க ஒரு கிளப்புக்கு என்ன உரிமை?

கோப்பைகளைச் சொல்லாதே என்றதால் 2015 சாம்பியன்ஸ் லீக்கின் பெர்லின் இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கோலைச் சொல்லவில்லை. ஆறு சீசன், 198 கோல், ஒருவரையும் கடிக்கவில்லை. இதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

#3 நடுக்கோடு

சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிட்டீர்கள்.

#4 கோப் பக்கம்

லிவர்பூல் ரசிகனாக எழுதுகிறேன். பார்சிலோனாவுக்கு மூன்றாவது கடி மட்டும்தான். முதல் கடிக்குப் பிறகு வாங்கி, இரண்டாவது கடியையும் எவ்ராவையும் சுமந்தவர்கள் நாங்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 ஜனவரி 31. ஒரே நாளில் டோரஸ் 5 கோடி பவுண்டுக்கு செல்சி போனார், ஆண்டி கேரல் 3.5 கோடிக்கு வந்தார், சுவாரஸ் சுமார் 2.28 கோடிக்கு வந்தார். அன்று எங்கள் பேச்சு முழுக்க டோரஸும் கேரலும்தான். அயாக்ஸ் கேப்டன் ஒரு எதிரணி வீரரைக் கடித்து ஏழு ஆட்டத் தடை வாங்கியவர் என்பது ஒரு வரிச் செய்தி. அயாக்ஸ் தானாக இரண்டு ஆட்டம் நிறுத்தியது, டச்சு சங்கம் அதை ஏழாக்கியது. அந்தக் கதை ஆறும் முன்பே கைமாறிவிட்டார். இதை யாரும் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் நான் பார்த்தவர்களிலேயே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கோலை உண்டாக்கியவர் அவர்தான். எனக்கு ஆறாத விஷயம் அதற்குப் பிறகு கிளப் நடந்துகொண்ட விதம்.

எவ்ரா விவகாரத்தில் 2011 டிசம்பர் 20 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ.வின் கமிஷன் 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. மறுநாள் விகனில் ஆட்டம். வார்ம்-அப்புக்கு எங்கள் வீரர்கள் எல்லோரும் சுவாரஸ் படமும் பெயரும் போட்ட டி-ஷர்ட்டில் வந்தார்கள். புகார் கொடுத்தது ஒரு கறுப்பின வீரர். அவர் சொன்னதை விசாரித்து ஒரு கமிஷன் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு மறுநாளே ஒரு முழு அணியும் குற்றம் நிரூபிக்கப்பட்டவரின் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு நிற்கிறது. 115 பக்கத் தீர்ப்பு டிசம்பர் 31 அன்று வெளியானது. அதாவது முழுக் காரணத்தையும் படிப்பதற்கு முன்பே டி-ஷர்ட் தயாராகிவிட்டது.

பிப்ரவரி 11, யுனைட்டட்டின் மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டு. கை குலுக்கும் வரிசையில் எவ்ரா கையை நீட்டுகிறார், சுவாரஸ் அவரைத் தாண்டிப் போகிறார். மறுநாள்தான் வீரரிடமிருந்தும் மேனேஜரிடமிருந்தும் மன்னிப்பு வந்தது. ஜெர்சியில் பெயர் போட்டிருந்த வங்கியும், தன் அதிருப்தியைக் கிளப்பிடம் பேசியதாக வெளிப்படையாகச் சொன்னது. என் கிளப்புக்கு மனசாட்சி ஸ்பான்சர் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இவானோவிச் கடியன்றுகூட ஏற்படவில்லை.

அந்த இவானோவிச் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் பந்தைத் தொட்டு செல்சிக்குப் பெனால்டி கொடுத்தார். இவானோவிச் கையில் கடித்தார். 97ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். எல்லாம் ஒரே ஆள், ஒரே ஆட்டம். ஸ்டேடியத்தில் பாதிப் பேருக்குக் கடி நடந்ததே தெரியாது, கோலுக்குக் குதித்துவிட்டு வீட்டுக்குப் போய் டிவியில்தான் பார்த்தார்கள். இந்த முறை கிளப் கொஞ்சம் திருந்தியிருந்தது. அபராதம் போட்டது. அந்தப் பணம், ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த எங்கள் ரசிகர்களின் குடும்பங்களுக்கான அமைப்புக்குப் போனது. 10 ஆட்டத் தடை வந்தபோது டி-ஷர்ட் இல்லை.

#5 பழைய ட்ராஃபோர்டு

கோப் பக்கம் தம்பி எழுதியதை யுனைட்டட் ரசிகனாகப் படித்தேன். எதிர்முகாமில் இருந்து இவ்வளவு நேராகப் பேசுவதை மதிக்கிறேன்.

வாங்கிய பிறகு கிளப் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம் என்றால், எரிக் காண்டோனாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1992 நவம்பரில் லீட்ஸிடமிருந்து 12 லட்சம் பவுண்டுக்கு வாங்கினோம். அதற்கு ஒரு வருடம் முன்பு பிரான்சின் நீம் அணியில் ஆடும்போது நடுவர் மீது பந்தை எறிந்தார். ஒரு மாதத் தடை கொடுத்த விசாரணைக் குழுவில் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று "முட்டாள்" என்றார், தடை இரண்டு மாதமானது, கோபத்தில் ஓய்வையே அறிவித்தார். இப்படிப்பட்டவரை எங்கள் மேனேஜர் ஃபெர்குசன் தெரிந்தே வாங்கினார். 26 வருடத்துக்குப் பிறகு லீக் வந்தது.

அப்புறம் 1995 ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க். ரெட் கார்டு வாங்கி வெளியே போகிறவர், வசைபாடிய பார்வையாளர் மீது தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். இரண்டே நாளில் கிளப் அறிவித்தது: சீசன் முடியும் வரை ஆட மாட்டார், 20,000 பவுண்டு அபராதம். எஃப்.ஏ. தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, தடையை செப்டம்பர் முடிய நீட்டியது. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரச் சிறை என்றது, மேல்முறையீட்டில் 120 மணி நேரச் சமூகப் பணியாக மாறியது. சிறுவர்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்து அதை முடித்தார்.

அந்த சீசனில் லீகை ஒரே ஒரு புள்ளியில் பிளாக்பர்னிடம் இழந்தோம். 89 – 88. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் எவர்ட்டனிடம் 0-1. காண்டோனா இருந்திருந்தால் இரண்டும் எங்களுடையவை என்று இன்றைக்கும் சொல்வேன். கிளப் அந்த விலையைத் தன் கையால் கொடுத்தது. ஆகஸ்டில் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றபோது ஃபெர்குசன் பாரிஸுக்கே போய்ப் பேசி அழைத்து வந்தார். தண்டிக்கவும் தெரிந்தது, பக்கத்தில் நிற்கவும் தெரிந்தது.

#6 புளாகிரானா

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். காண்டோனா உதைத்தது ஒரு பார்வையாளரை. சுவாரஸ் கடித்தது கூட ஆடுகிறவர்களை. உங்கள் ரசிகர்கள் காண்டோனாவை இன்றுவரை ராஜா என்கிறார்கள். அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. சுவாரஸாவது ஜூன் 30 அன்று கியெல்லினியிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், இனி நடக்காது என்றார். கியெல்லினியும் எல்லாம் மறந்தாயிற்று, ஃபிஃபா தண்டனையைக் குறைக்கட்டும் என்றார். கடிபட்டவரே விட்ட பிறகு நமக்கென்ன?

#7 பழைய ட்ராஃபோர்டு

ராஜா என்று பாடுவது அவர் ஆடிய ஆட்டத்துக்கு. அந்த உதையைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பார்வையாளர் பேசியது அருவருப்பான பேச்சு. அதற்காக உதைத்தது சரியாகிவிடாது.

உங்கள் மன்னிப்புக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜூன் 30க்கு முன்னால், ஃபிஃபாவுக்குக் கொடுத்த விளக்கத்தில், நிலைதடுமாறி விழுந்ததில் முகம் இடித்துவிட்டது என்றுதான் சுவாரஸ் சொன்னார். மன்னிப்பு வந்தது பார்சிலோனா பேரம் நடந்துகொண்டிருந்த வாரத்தில். மனதிலிருந்து வந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 6.5 கோடி பவுண்டு மேஜையில் இருக்கும்போது வருகிற மன்னிப்பை ஒரு நிர்வாகக் குழு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

#8 பதினாறு வயது கோச்

பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம், பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கோச்.

கோபத்தில் மோசமாக டேக்கிள் செய்கிற பையனை நான் சரிசெய்திருக்கிறேன். அவனுக்குப் பந்து போய்விடும் என்ற பயம், கால் முந்திக்கொள்கிறது. அதைப் பயிற்சியில் பிடிக்கலாம். சுவாரஸின் மூன்று கடிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது வேறு ரகம் என்று தெரியும். அணி கோலுக்குத் தவிக்கிறது, தனக்கு எதுவும் நடக்கவில்லை, மார்க் செய்கிறவன் உடம்போடு ஒட்டி நிற்கிறான், அந்த நெருக்கத்தில் வாய் போகிறது. மூன்றிலும் பந்துக்குச் சம்பந்தமே இல்லை. அவரை அபாரமான ஸ்ட்ரைக்கராக்கிய தோற்கவே முடியாது என்கிற வெறியும் இதுவும் ஒரே வேரிலிருந்து வருவதாகத்தான் நான் நினைக்கிறேன். லிவர்பூலில் ஸ்டீவ் பீட்டர்ஸ் என்ற மனநல மருத்துவர் அணியோடு இருந்தார், சுவாரஸோடும் வேலை செய்தார். அப்படியும் நட்டால் நடந்தது.

பார்சிலோனாவில் மட்டும் அது ஏன் நின்றது? என் அனுமானம்: பக்கத்தில் மெஸ்ஸியும் நெய்மாரும் இருந்தார்கள். லிவர்பூலிலும் உருகுவேயிலும் எல்லாமே அவர் தோளில். இங்கே தனக்கு ஒன்றும் நடக்காத நாளிலும் அணி நான்கு கோல் அடித்துவிடும். ஆளுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. ஒருவரை வாங்கும்போது "இவன் நல்லவனா" என்பதோடு "நம் அணியில் இவன் எந்த நிலைமையில் நிற்கப்போகிறான்" என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறு இத்தாலிய ஃபார்வர்டு பாலோட்டெல்லி. சுவாரஸ் போன அதே கோடையில், ஆகஸ்டில், அவரை லிவர்பூல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. சில வாரம் முன்பு லிவர்பூல் மேனேஜர் ராட்ஜர்ஸ் அவர் வரவே மாட்டார் என்று அடித்துச் சொல்லியிருந்தார். லீகில் 16 ஆட்டம், ஒரே ஒரு கோல். எல்லோரும் குளியலறையில் பட்டாசு வெடித்த கதையைச் சொன்னார்கள். அந்தப் பட்டாசுக்கும் இந்தத் தோல்விக்கும் என்ன சம்பந்தம்? ஓயாமல் ஓடி நெருக்குகிற அணியில், நின்று ஆடுகிற ஒருவரைப் போட்டார்கள். அதே ஆள் மான்செஸ்டர் சிட்டியில் விழுந்துகொண்டே தள்ளிவிட்ட பந்தைத்தான் 2012இல் லீகின் கடைசி நாளில் அகுவேரோ கோலாக்கினார். கிளப்பின் தப்பை ஆட்டக்காரரின் கெட்ட பெயர் மூடிவிட்டது.

#9 மிட்ஃபீல்டு மங்கை

ஒன்பதாவது பதிவாக வருகிறேன். இதுவரை எழுதிய எல்லோரும் மைதானத்துக்குள் நடந்ததையும் மைதானத்தின் ஓரத்தில் நடந்ததையும் பேசிவிட்டீர்கள். "சர்ச்சை" என்ற ஒரே கூடையில் கடியையும் வேறு சிலதையும் சேர்த்துப் போடுவதில்தான் எனக்குப் பிரச்சினை. ஒரு சின்ன கிளப்பைச் சொல்கிறேன், உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்ற ஊர். ரெய்த் ரோவர்ஸ் அங்குள்ள கிளப், இரண்டாம் நிலை லீகில் ஆடியது. 2022 ஜனவரி 31, டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாள், டேவிட் குட்வில்லி என்ற ஃபார்வர்டோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஆடியவர். 2011 சம்பவம் ஒன்றில் குற்றவியல் வழக்கு தொடரப்படவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் தொடுத்த சிவில் வழக்கில், அவரும் சக வீரர் ஒருவரும் பாலியல் வன்புணர்வு செய்தார்கள் என்று 2017இல் நீதிபதி தீர்ப்பளித்து, ஒரு லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னார். மேல்முறையீடும் தோற்றது.

கையெழுத்தான மறுநாள் கிளப் ஒரு அறிக்கை விட்டது. இது முதலில் கால்பந்து சார்ந்த முடிவு என்பது அதன் சாரம். ஜெர்சியில் தன் பெயரைப் போட்டிருந்த எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் ஸ்பான்சர்ஷிப்பைக் கிழித்துப் போட்டார். அவர் சும்மா பணம் கொடுத்தவர் இல்லை, அப்பா காலத்திலிருந்து அந்த கிளப் ஆள். இரண்டு இயக்குநர்கள் விலகினார்கள். பெண்கள் அணியின் கேப்டன் விலகினார், பத்து வருடம் அந்த ஜெர்சியில் ஆடியவர். பிறகு பெண்கள் அணியே கிளப்போடு உறவை முறித்துக்கொண்டு மெக்டெர்மிட் பெயரில் தனியாக ஆடப் போய்விட்டது. பிப்ரவரி 3 அன்று தலைவர் தவறு செய்துவிட்டோம் என்று அறிவித்தார். குட்வில்லி ரெய்த் ஜெர்சியில் ஆடவே இல்லை.

இங்கே "தண்டனை அனுபவித்தாயிற்று" என்று யார் சொல்ல முடியும்? எத்தனை ஆட்டத் தடை இதற்குச் சமம்? கடிக்கு விதிப்புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கியெல்லினி மன்னித்தார் என்று புளாகிரானா எழுதினார், சரி, அது கியெல்லினி கொடுக்க வேண்டிய மன்னிப்பு, அவரே கொடுத்தார். இன்னொரு பெண்ணுக்கு நடந்ததை மன்னிக்கிற அதிகாரத்தை ஒரு கிளப் எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது? கோல் தேவைப்படுகிறது என்பதால் அந்த அதிகாரம் வந்துவிடுமா?

#10 நடுக்கோடு

மங்கை சொன்ன கேஸில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைப் பொது விதியாக்கினால் வேல்ஸ் வீரர் செட் எவன்ஸின் கேஸ் இடிக்கும். 2012இல் பாலியல் வன்புணர்வுக் குற்றத்தில் தண்டனை. 2014 அக்டோபரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஷெஃபீல்டு யுனைட்டட் பயிற்சிக்கு அனுமதித்தது, தடகள வீராங்கனை ஜெசிகா எனிஸ்-ஹில் அவரோடு ஒப்பந்தம் போட்டால் தன் பெயரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார், கிளப் பின்வாங்கியது. 2015 ஜனவரியில் ஓல்டம் வாங்கப் பார்த்தது, ஸ்பான்சர்கள் விலகுவதாகச் சொன்னார்கள், ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வந்தன, அதுவும் கைவிடப்பட்டது. 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அக்டோபரில் மறுவிசாரணை முடிந்து குற்றவாளி இல்லை என்று ஜூரி சொன்னது.

அப்படியென்றால் 2015இல் கூட்டத்தின் கோபத்துக்குப் பணிந்தது சரியா? கோபத்தை அளவுகோலாக வைத்தால் ஒரு நாள் தவறான ஆளையும் அது அடிக்கும்.

#11 மிட்ஃபீல்டு மங்கை

நியாயமான கேள்வி. என் பதில்: 2015 ஜனவரியில் நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்று இருந்தது. கிளப்புகள் அன்று அதை மதித்தது சரி. 2016 அக்டோபருக்குப் பிறகு தீர்ப்பு மாறிவிட்டது, அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள் செய்ததும் சரி. மிரட்டல் விடுத்தவர்களை நான் எந்த நாளிலும் ஆதரிக்க மாட்டேன், ஊழியரின் வீட்டுக்குப் பயத்தை அனுப்புகிறவர்களுக்கும் நீதிக்கும் சம்பந்தம் இல்லை.

நான் கூட்டத்தின் கோபத்தை அளவுகோல் என்று சொல்லவே இல்லை. குட்வில்லி 2017 முதல் கிளைடு அணியில் வருடக்கணக்காக ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். அப்போது பெரிய கோபம் எதுவும் எழவில்லை. கோபம் இல்லாததால் அது சரியாகிவிட்டதா என்ன? தீர்ப்பு 2017இலும் அதேதான், 2022இலும் அதேதான்.

#12 சைடு பெஞ்ச்

இங்கே ஒருவரும் எவ்ரா கேஸை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லவில்லையே? மைதானத்துக்குள் நடந்தது, தடையும் உண்டு. ஆனால் கடி மாதிரி அது தோள் காயத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

#13 கோப் பக்கம்

அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல முயன்றுகொண்டிருக்கிறேன்.

அந்த கமிஷன் முன்னால் சுவாரஸ், தான் அந்தச் சொல்லை ஒரே முறைதான் சொன்னதாகவும், தன் ஊரில் அது சகஜம் என்றும் வாதிட்டார். ஏழு முறை சொன்னதாக கமிஷன் முடிவுக்கு வந்தது. 8 ஆட்டம் என்பது எஃப்.ஏ.வின் கணக்கு. எவ்ராவுக்கும், தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த கறுப்பினச் சிறுவர்களுக்கும், ஆன்ஃபீல்டில் எங்களோடு உட்கார்ந்து பார்த்த கறுப்பின ரசிகர்களுக்கும் கிளப் தர வேண்டிய பதில் அந்த எட்டில் அடங்காது. நாங்கள் அந்தப் பதிலைத் தராமல் டி-ஷர்ட்டைக் கொடுத்தோம். அன்று அணியில் இருந்த ஜேமி காரகர் 2019இல், ஸ்டூடியோவில் எவ்ரா பக்கத்தில் இருக்கும்போது, அது பெரிய தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். கிளப்பின் தலைமை அதிகாரியிடமிருந்து எவ்ராவுக்கு மன்னிப்புக் கடிதம் போனது அதற்குப் பிறகு. எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் சுவாரஸ் எங்களை விட்டுப் போயே ஐந்து வருடம் தாண்டிவிட்டது.

இப்போது பழைய ட்ராஃபோர்டு ஐயா சொன்ன அந்த இரண்டு நாளை இந்த எட்டு வருடத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டு கிளப்புமே வில்லங்கமான மேதையைத் தெரிந்தே வாங்கின. ஒன்று தன் லீகையே பணயம் வைத்து அவனை உட்கார வைத்தது. இன்னொன்று அவனுக்காகப் பனியன் அச்சடித்தது. வாங்குவதா வேண்டாமா என்று ஓட்டுப் போடுவதற்கு முன்னால், நம் கிளப் இதில் எந்த ரகம் என்று நிர்வாகக் குழு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்த நட்சத்திரத்தைத் தானே தண்டிக்கத் துணிவில்லாத கிளப், கடித்தவனையும் வாங்கக் கூடாது, சும்மா நடுவரை முறைக்கிறவனையும் வாங்கக் கூடாது.

#14 தெற்கு ஸ்டாண்ட்

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் நான் "வேண்டாம்" என்றிருப்பேன். மூன்றாவது முறை செய்தவர் நான்காவது முறை செய்ய மாட்டார் என்பதற்கு அந்த ஜூலையில் ஒரு ஆதாரமும் கிடையாது. கோச் சொன்ன மெஸ்ஸி – நெய்மார் விளக்கம் பின்னால் பார்க்கும்போது பொருந்துகிறது, அன்று யாரும் அதைக் கணித்து வாங்கவில்லை.

ஆள் மாறிவிட்டார் என்று நம்புகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 31ஐ நினைவூட்டுகிறேன். லீக்ஸ் கப் இறுதியில் சுவாரஸ் ஆடிய அமெரிக்க அணியான இன்டர் மயாமி சியாட்டிலிடம் 0-3 தோற்றது. விசில் ஊதியதும் கைகலப்பு, சுவாரஸ் எதிரணி ஊழியர் ஒருவர் மீது துப்பினார். அந்தப் போட்டியில் 6 ஆட்டத் தடை, அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீகில் 3 ஆட்டத் தடை. வயது 38. தோற்கும் நேரத்தில் என்ன வெளியே வருகிறது என்று கோச் சொன்னாரே, அது அப்படியே இருக்கிறது.

மங்கை சொன்ன வகையில் எனக்கு விவாதமே இல்லை. அங்கே ஓட்டெடுப்பே நடக்கக் கூடாது.

#15 பதினாறு வயது கோச்

துப்பியதற்குப் பிறகும் நான் ஆளை ஒதுக்கச் சொல்ல மாட்டேன், தெற்கு ஸ்டாண்ட். என்னிடம் வருகிற பையன்களில் பாதிப் பேரை யாரோ ஒருவர் ஏற்கெனவே "இவன் வேண்டாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடமும் அதையே செய்கிறார்கள், அப்போது பெஞ்சில் உட்கார வைக்கிறேன், ஆட்டம் போனாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் மறுபடி இறக்குகிறேன். காண்டோனாவுக்கு ஃபெர்குசன் பெரிய அளவில் செய்ததை நான் சின்ன அளவில் செய்கிறேன். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

#16 புளாகிரானா

என் ஓட்டு இன்னும் "வாங்கலாம்"தான், கடி விஷயத்தில். மங்கையின் கேஸுக்கு இல்லை. கோப் பக்கத்தின் பதிவைப் படித்த பிறகு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். அடுத்த சம்பவம் நடந்தால் கிளப் தன் பங்குக்கு எத்தனை ஆட்டம் உட்கார வைக்கும், எவ்வளவு சம்பளம் பிடிக்கும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அதை அறிமுக நாளிலேயே வெளியில் சொல்ல வேண்டும். கேம்ப் நூவில் ஜெர்சியைக் காட்டிப் படம் எடுக்கிற அதே மேடையில். அதற்கு ஒப்புக்கொள்ளாத வீரரை, 31 கோல் இல்லை, 50 கோல் அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம்.